ஆட்டுத்தோல் கோட்டும் ஒரு கேள்விக்குறியும்

அன்று காலை பெரிசாத் கடையைத் திறந்தபோது இயந்திரம் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நல்ல ஆட்டுத்தோல் கோட்டு. கம்பளி உள்பக்கம், தோல் வெளிப்பக்கம். பனியில் விறைத்துப்போன ஆட்டுக்குட்டியைப் போர்த்துவதுபோல நாலு பக்கமும் இழுத்துச் செருகி, கழுத்துப் பொத்தானையும் மாட்டிவிட்டிருந்தார்கள். யார் செய்தது என்று கேட்க வேண்டியதில்லை. அந்தக் கோட்டு, எல்லோரும் பைகே, அண்ணன் என்று கூப்பிடும் கடை முதலாளி சபீர் பைகேயுடையது என்பது கராகோல் ஊருக்கே தெரியும். அவள் பொத்தானைக் கழற்றிக் கோட்டை விலக்கினாள். தந்தூர் அடுப்பின் வாயைத் திறந்ததுபோல வெப்பம் முகத்தில் அடித்தது. பிறகு அந்தச் சத்தம் கேட்டது. டிக், டிக், டிக். அனுதாபப்பட்டு யாரோ நாக்கைச் சப்புக்கொட்டுவதுபோல, உள்ளேயிருந்து.

வாசலில் பூட்ஸிலிருந்து பனியைத் தட்டிக்கொண்டிருந்த சபீர் பைகே அவள் முகத்தைப் பார்த்ததும் தட்டுவதை நிறுத்தினார்.

"நேத்து சாயங்காலமே ஹீட்டர் நின்னுபோச்சு பொண்ணே," என்றார். "தொட்டுப் பார்த்தேன், தகரம் ஐஸ் மாதிரி இருந்துச்சு. பாவம், வாயில்லா ஜீவன், நடுங்கிக்கிட்டு இருந்துச்சு."

"அது நடுங்கல பைகே. உள்ள காத்தாடி சுத்துது, அதான் அதிருது. அது மூச்சு விடுற ஓட்டையத்தான் நீங்க பொத்தான் போட்டு மூடியிருக்கீங்க."

"மூச்சு விடுமா?"

"விட்டுச்சு."

அவர் கோட்டை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். தப்பு செய்த பெரிய கரடி மாதிரி இருந்தது. அவளுக்குக் கோபம் வந்த வேகத்திலேயே பாதி வடிந்துவிட்டது. இந்த மனிதர், ஆடுகள் குட்டி போடும் மாதத்தில் படுக்கையறையில் ஆட்டுக்குட்டிகளோடு தூங்குகிறவர். தன் ஒரே குளிர்கோட்டைக் கழற்றி ஒரு தகரப் பெட்டிக்குப் போர்த்திவிட்டு, சட்டையோடு நடந்து வீட்டுக்குப் போயிருக்கிறார். அவரை என்ன சொல்லித் திட்டுவது?

கடையில் நாலு மரக்கூண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு தொலைபேசி, ஒரு முக்காலி. ஊரில் பாதி வீடுகளுக்கு ஒரு ஆள் ரஷ்யாவில் இருந்தான். செங்கல் அடுக்கினான், கப்பலில் மீன் வெட்டினான், சந்தையில் மூட்டை தூக்கினான். அவர்களிடம் குறைந்த காசில் பேச ஊரில் இருந்தது இந்தக் கடைதான். எல்லாப் பேச்சும் அந்தத் தகரப் பெட்டி வழியாகத்தான் போனது. அது யூனிக்ஸ் என்ற அமைப்பில் ஓடும் கணினி. பெரிசாத்தும் அவளோடு வேலை பார்க்கும் இஸ்மாரும் அதை மூன்று ஆண்டுகளாக வளர்த்து வந்தார்கள். அதற்குள், எல்லாவற்றையும் பதிந்து வைக்கும் மூன்று தட்டுகள் இருந்தன. ஒன்று மிகச் சிறியது. இயந்திரம் கண் விழிப்பதே அதில்தான். இரண்டாவது பெரியது, தொலைபேசி நிரல் உட்பட மற்ற எல்லாம் அதில். மூன்றாவது, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பெரிய தட்டை நகல் எடுத்து வைக்கும் மாற்றுத் தட்டு. இப்போது சப்புக்கொட்டிக்கொண்டிருந்தது அந்தப் பெரிய தட்டு.

அவள் இயந்திரத்தை அணைத்து, ஜன்னலைத் திறந்து, ஏரிப் பக்கமிருந்து வரும் காற்றில் அதை ஆறவிட்டாள். பிறகு மீண்டும் போட்டாள். சிறிய தட்டு விழித்தது. பெரிய தட்டைத் தேடியது. கிடைக்கவில்லை. பாதி விழித்த நிலையிலேயே நின்றுகொண்டு, கறுப்புத் திரையில் ஒற்றைக் குறியை மினுக்கிக் காட்டியது. இனி நீ பார்த்துக்கொள் என்று அர்த்தம்.

அந்த நேரம் பார்த்துத்தான், தெருவே எஜே, அக்கா என்று கூப்பிடும் சோனுன் எஜே உள்ளே வந்தாள். கையில் துணி மூடிய கிண்ணம், அதற்குள் சூடு ஆறாத போர்சோக். எண்ணெயில் பொரித்த மாவின் வாசனை கடை முழுக்கப் பரவியது. அவளுக்குப் பின்னால் புது வெள்ளை முக்காடு போட்டுக்கொண்டு அவள் மகள் மீரிம். இன்று அவளுக்குக் கல்யாணம்.

"கல்யாண வீட்டுப் பண்டம், எடுத்துக்கோங்க," என்றாள் சோனுன் எஜே. "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நம்ம முற்றத்துல காரை நிறுத்திட்டு ஹாரன் அடிச்சுக்கிட்டு இருக்காங்க. மதியம் இவ அப்பாவோட பேசிட்டோம்னா பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்க. எந்தக் கூண்டு?"

சபீர் பைகே கோட்டின் கம்பளியை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

அந்தப் பேச்சைப் பற்றித் தெருவுக்கே தெரியும். மீரிமின் அப்பா ஜுமாபெக் ரஷ்யத் துறைமுகமான நகோத்காவில் மீன்பிடிக் கப்பலில் வேலை பார்க்கிறார். பாலிக்சி தடத்தில் மினிபஸ் ஓட்டும் ஒருவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று மகள் சொன்ன நாளிலிருந்து அவர் அவளோடு பேசவில்லை. ரோட்டில் கிடக்கிறவனுக்கா என் பெண் என்றாராம். இவர் மட்டும் என்ன, தண்ணியில் கிடக்கிறார் என்று சோனுன் எஜே தெருவில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள். வீட்டுக்குள் போய் அழுதாள். போன வாரம், ஊருக்குத் திரும்பிய ஒரு கூட்டாளியிடம் அவர் சொல்லி அனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கப்பல் கிளம்புகிறது. அதற்கு முன்னால் துறைமுக அலுவலகத்துத் தொலைபேசிக்குப் பக்கத்தில் நிற்பேன். மகள் கூப்பிட்டால் ஆசி சொல்கிறேன். கூப்பிடவில்லை என்றால், நான் இல்லாமலே முடித்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்பாவின் ஆசி இல்லாமல் ஒரு பெண் வாசல் தாண்டுவதை மீரிமும் விரும்பவில்லை. ஞாயிறு என்பதால் அரசாங்கத் தொலைபேசி நிலையம் பூட்டிக் கிடந்தது. கப்பல் ஏறிவிட்டால் வசந்தம் வரை அவர் கடலில்.

"கொஞ்சம் நேரம் ஆகும் எஜே," என்றாள் பெரிசாத். "இயந்திரத்துக்கு உடம்பு சரியில்ல."

"போன் பேசுறதுக்கு இயந்திரம் எதுக்கு? கூண்டுலதான் போன் இருக்கே."

மீரிம் ஒன்றும் கேட்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டுப் பெரிசாத்துக்குப் பின்னால் உட்கார்ந்து, மருத்துவமனை வராந்தாவில் காத்திருப்பவள்போலத் திரையையே பார்த்தாள்.

செய்ய வேண்டியது பெரிய வேலை அல்ல. எந்தத் தட்டை எங்கே மாட்டுவது என்று இயந்திரத்துக்குச் சொல்லும் ஒரு சிறிய அட்டவணை உண்டு. அதில் செத்துப்போன தட்டின் எண்ணை எடுத்துவிட்டு மாற்றுத் தட்டின் எண்ணைப் போட வேண்டும். இரண்டு வரிகள். மற்ற நாளில் எழுத்தைத் திருத்தும் எடிட்டரைத் திறந்து, அம்புக்குறியை நகர்த்தி, தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிடுவாள். ஆனால் எடிட்டர் இருந்தது பெரிய தட்டில். சரி, மாற்றுத் தட்டைக் கையால் மாட்டி அதிலிருக்கும் எடிட்டரை எடுத்துக்கொள்ளலாம் என்று மாட்டினாள். மாட்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது. மாற்றுத் தட்டில் இடம் போதவில்லை என்று, எதெல்லாம் தேவையில்லையோ அதையெல்லாம் நகல் எடுக்க வேண்டாம் என்று அவளேதான் இயந்திரத்துக்குச் சொல்லி வைத்திருந்தாள். விளையாட்டுகள், உதவிப் பக்கங்கள், எடிட்டர்கள். அவசரத்துக்கு வைத்த பெட்டியில் எடிட்டர் எதற்கு என்று அன்றைக்குத் தோன்றியிருந்தது. விளக்கை எடுத்து வைத்துவிட்டுத் தீக்குச்சியைக் குப்பையில் போட்ட கதை.

அவள் ஊருக்குள் மட்டும் பேச முடிகிற தொலைபேசியை எடுத்து, கால்நடைச் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் கிளைக் கடையைக் கூப்பிட்டாள். அங்கேதான் இஸ்மார் இருந்தான். ஆடுகள் கத்துவது கேட்டது.

"ஓய், லைன் செத்துக் கிடக்கு, இங்க ஒரே கூச்சல்," என்றான். "ஒருத்தர் என்னை அடிக்க வர்றாரு. கையில சாட்டை வேற வெச்சிருக்காரு."

அவள் சொன்னாள். கோட்டைப் பற்றிச் சொன்னபோது அவன் சிரித்தான். எடிட்டரைப் பற்றிச் சொன்னபோது நிறுத்தினான்.

"சின்னத் தட்டுல ஒண்ணுமே இல்லையா?"

"ஈடி இருக்கு."

"ஐயோ," என்றான் இஸ்மார்.

ஈடியை இருவருமே தொட்டதில்லை. அதுவும் எடிட்டர்தான். திரை என்ற ஒன்றே இல்லாத காலத்தில், காகிதச் சுருளில் அச்சடிக்கும் இயந்திரங்களுக்காகச் செய்தது. கோப்பை விரித்துக் காட்டாது. கேட்ட வரியை மட்டும் சொல்லும். கேட்காவிட்டால் சும்மா இருக்கும். இருட்டறையில் அலமாரியைத் தடவித் துணி எடுப்பதுபோல அதை ஓட்ட வேண்டும். ஆனால் சிறியது, வேறு எதையும் நம்பி இராதது. மற்ற எல்லாம் செத்துக் கிடக்கும்போதும் அது உயிரோடு இருக்கும். அதனால்தான் அதை இன்னும் சின்னத் தட்டில் விட்டு வைக்கிறார்கள்.

"என் இயந்திரத்துல உதவிப் பக்கம் இருக்கு," என்றான் இஸ்மார். "நான் வாசிக்கிறேன். நீ தட்டு."

முதலில் ஈடி திறக்கவே மறுத்தது. தன் கிறுக்கலை வைக்க இடம் கேட்டது; சின்னத் தட்டு எழுத முடியாதபடி பூட்டியிருந்தது. அந்தப் பூட்டைத் திறக்கும் கட்டளை அவளுக்கே தெரியும். திறந்தாள். மறுபடி கூப்பிட்டபோது ஈடி ஒரு எண்ணை மட்டும் சொல்லிவிட்டு அமைதியானது.

"அது எத்தனை எழுத்து இருக்குன்னு சொல்றது," என்றான். "பயப்படாத."

அவள் எண்ணை மாற்றும் கட்டளையை அவன் சொன்னபடியே அடித்தாள்.

"என்ன சொல்லுது?"

"கேள்விக்குறி."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. ஒரே ஒரு கேள்விக்குறி."

"எனக்குப் பொண்ணு பார்க்கப் போன வீட்டுப் பெரியவர் மாதிரியே இருக்கு. நான் என்ன சொன்னாலும் 'ம்?' ன்னுதான் கேட்டாரு."

"உனக்கு எப்படா பொண்ணு பார்த்தாங்க?"

ரிசீவரில் ஆடுகள் கத்தின.

"பார்த்தாங்க. வேணாம்னுட்டேன்," என்றான். "நீ வேலையைப் பாரு. எந்த வரியில நிக்கிறேன்னு முதல்ல அதுக்குச் சொல்லணுமாம். அது கடைசி வரியில நிக்குது, நீ கேட்டது அங்க இல்ல. வரி எண்ணை அடி, அப்புறம் கட்டளை. ஒண்ணும் சொல்லலன்னா சரின்னு அர்த்தம்."

"ஒண்ணும் சொல்லலன்னா சரியா?"

"அப்படித்தான் போட்டிருக்கு. தப்புன்னா மட்டும்தான் வாயைத் திறக்குமாம். இரு, இந்தச் சாட்டைக்காரர் மேசையைத் தட்டுறாரு, ஒரு நிமிஷம்."

ரிசீவரை அவன் மேசைமேல் வைக்கும் ஓசை கேட்டது. பின்னால் மீரிம் மூச்சு விடுவது பெரிசாத்தின் கழுத்தில் பட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். காத்திருக்க முடியவில்லை. முதல் வரியைக் காட்டச் சொல்ல, அதன் எண்ணோடு சேர்க்க ஏதாவது ஒற்றை எழுத்து இருக்கும் என்று ஒன்றைச் சேர்த்துத் தட்டினாள். கேள்விக்குறி. இன்னொன்று. கேள்விக்குறி. மூன்றாவதாக ஒன்றைத் தட்டினாள். ஈடி ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு உள்ளுக்குள் லேசாக ஒரு சந்தோஷம் வந்தது. ஏதோ சரியாகச் செய்துவிட்டேன்போல.

இஸ்மார் திரும்பி வந்து, முழு அட்டவணையையும் காட்டும் கட்டளையைச் சொன்னான். அடித்தாள். ஒரு வரி குறைந்தது. அதுவும் ஏதோ ஒரு வரியல்ல. இயந்திரம் கண் விழிக்கும் அந்தச் சின்னத் தட்டின் வரி.

"இஸ்மார்," என்றாள். "முதல் வரியைக் காணோம்."

"என்ன அடிச்சே?"

"டி."

"அது அழிக்கிறது!"

"அது ஒண்ணுமே சொல்லலையே! ஒண்ணும் சொல்லலன்னா சரின்னு நீதானே சொன்னே?"

"சரியாத்தானே அழிச்சிருக்கு!"

சோனுன் எஜே போர்சோக் கிண்ணத்தின் துணியை எடுத்தாள், மூடினாள், எடுத்தாள். சபீர் பைகே கோட்டை ஒரு கூண்டின் கதவில் தொங்கவிட்டுவிட்டுப் பெரிசாத்தின் பக்கத்தில் வந்து நின்றார். "பொண்ணே, நான் வேணா நகோத்காவுக்கு ஓடிப் போயிட்டு வந்துரட்டுமா?" என்றார் மெதுவாக. யாரும் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை. கேட்டதை நிஜமாகவே கேட்டதுபோல இருந்தது.

கம்பியின் அந்தப் பக்கம் இஸ்மார் உதடசைத்து வாசிப்பது கேட்டது. பள்ளிக்கூடத்தில் கவிதை ஒப்பிக்கும் பையனைப்போல வேகவேகமாக. "கவனி. இன்னும் எழுதி வைக்கலல்ல? டபிள்யூ அடிக்கலல்ல?"

"இல்ல."

"அப்போ தட்டுல எல்லாம் பழையபடிதான் இருக்கு. பயப்படாத. யூ அடி. ஒரே ஒரு யூ. கடைசியா செஞ்சதை மட்டும் திரும்ப எடுத்துக்குமாம்."

அவள் விரல் அந்த எழுத்தின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. கடைசியாகச் செய்ததை மட்டும். எவ்வளவு சின்ன மன்னிப்பு. ஆனாலும் அந்தக் காலத்து ஆள் எவனோ உட்கார்ந்து, என்றைக்கோ எவளோ ஒருத்தி விரல் தவறித் தட்டுவாள் என்று யோசித்து அதை வைத்திருக்கிறான். அடித்தாள். அட்டவணையைக் காட்டச் சொன்னாள். முதல் வரி தன் இடத்தில், எங்கும் போகாததுபோல நின்றுகொண்டிருந்தது.

"வந்துருச்சு," என்றாள்.

"அழறியா?"

"இல்ல. நீ வாசி."

அதற்குப் பிறகு இருவரும் அவசரப்படவில்லை. அவன் ஒரு வார்த்தை சொன்னான், அவள் ஒரு வார்த்தை அடித்தாள். இரண்டாவது வரிக்குப் போ. பழைய எண்ணுக்குப் புது எண். மௌனம். காட்டு. மாறியிருந்தது. மூன்றாவது வரி. மௌனம். காட்டு. மாறியிருந்தது. டபிள்யூ அடித்தபோது ஈடி திரும்பவும் ஓர் எண்ணைச் சொன்னது. முதலில் சொன்ன அதே எண். எழுத்து ஒன்றுகூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வெளியே வா. இனி விழித்துக்கொள்.

இயந்திரம் விழித்துக்கொண்டது. வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக மேலே ஓடின. மாற்றுத் தட்டு ஒரு செருமலோடு சுழலத் தொடங்கியது. சுவரிலிருந்த பெட்டியில் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. நாலு கூண்டுகளிலும் தொலைபேசிகள் ஒரு தடவை மெல்லச் சிணுங்கி அடங்கின. "வைக்காத," என்றாள் இஸ்மாரிடம். "லைன்லயே இரு." ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டு ஓடினாள்.

நகோத்காவில் மணி நெடுநேரம் அடித்தது. மீரிம் கூண்டுக்குள் நின்றாள். இடம் போதாமல் அவள் அம்மா பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக. கடைசியில் ஒரு பெண் எடுத்தாள். ஜுமாபெக் என்ற பெயரைக் கேட்டதும், "யாரு, அந்தத் தொப்பிக்காரரா? காலையிலேருந்து இங்கதான் நிக்கிறாரு. உட்காருங்கன்னா உட்கார மாட்டேங்கிறாரு. கப்பல்காரங்க ரெண்டு தடவை வந்து கூப்பிட்டுப் பார்த்துட்டுப் போயிட்டாங்க," என்றாள். குரல் சத்தமாக, எல்லோருக்கும் கேட்டது.

பிறகு காற்றின் ஓசை. பிறகு ஒரு செருமல்.

"யாரு?"

"நான்தான் அப்பா."

சோனுன் எஜே மகளின் முதுகில் விரலால் குத்தினாள்.

"அப்பா, சாப்பிட்டீங்களா?"

"அது இருக்கட்டும். உங்க அம்மா அங்க இருக்காளா?"

"இருக்காங்க."

"ம். அவன் வண்டிக்குக் குளிர்கால டயர் போட்டிருக்கானா?"

"போட்டிருக்காருப்பா."

"புதுசா, பழசா?"

"புதுசு. போன மாசம்தான் வாங்கினாரு. நாலும்."

"அந்த வளைவுல பனி உறைஞ்சு கிடக்கும். மெதுவாப் போகச் சொல்லு." கொஞ்சம் நிறுத்தினார். தூரத்தில் கப்பல் ஊதியது. "சரி. கையை விரி."

மீரிம் திரும்பிப் பார்த்தாள். ஆசி வாங்க இரண்டு கையும் வேண்டும். ஒரு கையில் ரிசீவர் இருந்தது. சோனுன் எஜே ஏற்கெனவே தன் இரண்டு கைகளையும் விரித்துவிட்டிருந்தாள். பெரிசாத் கூண்டுக்குள் கையை நீட்டி ரிசீவரை வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி மீரிமின் முகத்துக்கும் அவள் அம்மாவின் முகத்துக்கும் நடுவில் பிடித்தாள். சபீர் பைகே தொப்பியைச் சரிசெய்துகொண்டு கைகளை விரித்தார். லைன் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு உள்ளே வந்திருந்த இரண்டு பெண்கள் பைகளைக் கீழே வைத்துவிட்டு, யார், என்ன என்று கேட்காமலே விரித்தார்கள்.

அப்போது ரிசீவரில் மரத்தில் ஏதோ தட்டும் ஓசை கேட்டது. இணைப்பு போய்விட்டதோ என்று பெரிசாத் ஒரு கணம் நினைத்தாள். பிறகு புரிந்தது. அவருக்கும் இரண்டு கை வேண்டும். அவர் தன் ரிசீவரை அந்த அலுவலகத்து மேசைமேல் வைத்துவிட்டார்.

அவருடைய குரல் இப்போது எங்கோ தள்ளியிருந்து வந்தது. வார்த்தைகள் பிடிபடவில்லை. கடல் காற்று, யாரோ நடக்கும் ஓசை, ஒரு கதவு, அவற்றுக்கெல்லாம் அடியில், கம்பளத்துக்குக் கீழே ஓடும் தண்ணீர்போல, ஏற்றமும் இறக்கமுமாக ஓர் ஆணின் முணுமுணுப்பு. சாலை என்று சொன்னதுபோல இருந்தது. பிள்ளைகள் என்று சொன்னதுபோலவும் இருந்தது. மீரிம் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு முணுமுணுப்பு நின்றது. முடிந்ததா, இல்லை மூச்சு வாங்குகிறாரா, அழுகிறாரா என்று தெரியவில்லை. ஆசி முடிந்தால் ஓமின், அப்படியே ஆகட்டும் என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொள்ள எல்லோரும் காத்திருந்தார்கள். அந்தப் பக்கம் காற்று மட்டும் வீசியது. பெரிசாத்தின் தோள் வலித்தது. ரிசீவரைத் தாழ்த்தாமல், சும்மா இருந்த மற்றக் கையை மெல்ல விரித்தாள். கூண்டின் மஞ்சள் வெளிச்சத்தில் அத்தனை உள்ளங்கைகளும் மேல்நோக்கித் திறந்திருந்தன. ஒருவரும் கையை இறக்கவில்லை.